ஃப்ளை-பை-வயர் விமானம் கூடுதல் பாதுகாப்பானதா?

மார்த்தாண்டம் பயணி:
வளைகுடாவில் வேலை என்பதால் ஆண்டுக்கு இருமுறை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறேன். ஒருமுறை போயிங் 737 வாய்க்கிறது, மறுமுறை ஏர்பஸ் 320. முன்னதில் விமானியின் கையசைவு எஃகு வடங்கள் வழியாக ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பைச் சென்றடைகிறது என்றும், பின்னதில் அது மின்சமிக்ஞையாகக் கணினிக்குப் போய், கணினியே இறக்கை மடல்களை அசைக்கிறது (இதைத்தான் ஃப்ளை-பை-வயர் என்கிறார்கள்) என்றும் படித்தேன். கணினி கைவிட்டால் பிடித்து இழுக்க ஒரு வடம்கூட இல்லாத விமானத்தை எப்படிக் கூடுதல் பாதுகாப்பானது என்கிறார்கள்?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்:
வடம் அறாது என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். சென்ற மழைக்காலத்தில் என் ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டர் கேபிள் தக்கலையில் நடுச்சாலையில் அறுந்தது. கழற்றிப் பார்த்தபோது, கைப்பிடிக்குள் வளையும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாகத் துருவேறி அற்றிருந்தன, கடைசி இரண்டு இழைகளை நம்பித்தான் வண்டி அதுவரை ஓடியிருக்கிறது. விமானத்தின் வடங்களிலும் கப்பியில் திரும்பும் இடம்தான் முதலில் தேயும். அங்கே ஒரு துணியைச் சுற்றி இழுத்துப் பார்ப்போம். அற்ற இழை இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

ஏர்பஸ் 320-இல் வடமே இல்லை என்பதும் சரியன்று. 1988-இல் சேவைக்கு வந்த அவ்விமானத்தில் ஏழு கட்டுப்பாட்டுக் கணினிகள் இருக்கின்றன. அவற்றின் செயலிகளும் மென்பொருளும் ஒரே வார்ப்பில் அமையாததால், ஒரே பிழை எல்லாவற்றையும் ஒருசேர வீழ்த்துவது கடினம். அத்தனையும் போனாலும், வால் இறக்கையின் சாய்வை மாற்றும் சக்கரமும் சுக்கானும் இயந்திர இணைப்பில் இயங்கும். இருப்பினும் உண்மையான ஆதாயம் கம்பியில் இல்லை, அந்தக் கணினிகள் விதிக்கும் வரம்புகளில்தான் இருக்கிறது: எல்லா அமைப்புகளும் சரியாக இருக்கும்வரை, விமானி கட்டுப்பாட்டுத் தண்டை எவ்வளவு இழுத்தாலும் இறக்கை தாங்குவிசையை இழக்கும் அளவுக்கு மூக்கு உயராது, பக்கச்சாய்வு 67 பாகையைத் தாண்டாது. 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ் 320-இல் 155 பேரும் பிழைத்தது முதன்மையாக விமானிகளின் திறமையால். ஆனால் வேகம் மிகவும் குறைந்த அந்தக் கடைசி நொடிகளில் இந்தக் காப்பும் துணைநின்றது.

குளச்சல் வாசகர்:
ஐயா, "சரியாக இருக்கும்வரை" என்று நீங்கள் போட்ட நிபந்தனையில்தானே என் ஐயம் முழுவதும் அடங்கியிருக்கிறது? அதே 2009 ஜூன் 1-இல் ஏர் பிரான்ஸ் 447 என்ற ஏர்பஸ் 330 விமானத்தில் வேகம் அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டன; கணினி அந்தக் காப்பை விலக்கிக்கொண்டு விமானத்தை மனிதர் கையில் கொடுத்தது. ஒருவர் தண்டைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது மற்றவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை, ஏனெனில் அவ்விரு தண்டுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. 228 பேர் மாண்டனர். எங்கள் விசைப்படகில் ஒருவர் சுக்கானைத் திருப்பினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்:
நியாயமான எதிர்வாதம். ஆனால் அது ஏர்பஸ் தேர்ந்த வடிவமைப்பின் குறையே தவிர, மின்வழிக் கட்டுப்பாட்டின் குறையன்று. 1995-இல் வந்த போயிங் 777-உம் ஃப்ளை-பை-வயர்தான், அதில் இரு விமானிகளின் கைப்பிடிகளும் சேர்ந்தே அசையும். மறுபுறம், அடிப்படையில் வடங்களால் இயங்கும் 737 மேக்ஸில் ஒரேயொரு உணரியை நம்பி மூக்கைத் தாழ்த்தும் மென்பொருளைச் சேர்த்ததால் 2018-லும் 2019-லுமாக 346 பேர் இறந்தார்கள். 1989-இல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தில் ஹைட்ராலிக் திரவம் முழுவதும் வடிந்துபோனபின் வடங்கள் இருந்தும் பயனில்லை. ஃப்ளை-பை-வயர் விமானங்களுக்கு விபத்து குறைவு என்று காட்டும் கணக்கையும் நான் அப்படியே ஏற்பதில்லை. அவை புதியவை, நல்ல எஞ்சினும் தரை மோதல் எச்சரிக்கையும் கூடவே வந்தவை. இத்தனைக்குப் பிறகும், தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஏர்பஸ் 320-இல்தான் ஏறுவேன்.

மார்த்தாண்டம் பயணி:
மிக்க நன்றி ஐயா. ஒன்று மட்டும்: வடத்துக்குத் துணி ஓட்டிப் பார்த்தீர்கள், கணினிக்கு எதை ஓட்டுவீர்கள்?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்:
அது தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு பகுதி கட்டளையிட, இன்னொரு பகுதி கண்காணிக்கிறது. இரண்டின் விடையும் ஒத்துப்போகாவிட்டால் அது விலகி, அடுத்த கணினி பொறுப்பேற்கிறது. ஆனால் உள்ளே வரும் தகவலே தவறானால் இந்தச் சோதனையும் ஏமாறக்கூடும். 2008 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையருகே பறந்த குவாண்டாஸின் ஏர்பஸ் 330 அப்படித்தான் இருமுறை திடீரென மூக்கைத் தாழ்த்தி, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தியது. அந்த மென்பொருளை ஏர்பஸ் பின்னர் மாற்றி எழுதியது.