கமல்பூர் 1971: கிழக்கு வங்க ரெஜிமெண்டை வீணடித்தார்களா?

கரிசல்காட்டான்:
1971 என்றாலே நம் ஊரில் டிசம்பர் 3 முதல் 16 வரையிலான போர்தான். அதற்கு எட்டு மாதம் முன்பே, மார்ச் கடைசியில், பாகிஸ்தான் ராணுவத்தில் வங்காளிகளின் படையாக இருந்த கிழக்கு வங்க ரெஜிமெண்டின் ஐந்து பட்டாலியன்கள், வங்கதேச விடுதலைக்காகத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தன. அந்தத் துணிச்சலைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. அதன் பிறகு நடந்ததில்தான் கேள்வி. பயிற்சி பெற்ற காலாட்படை அவ்வளவுதான் கையில் இருந்தது. அதை கொரில்லாக்களுக்கு நாற்றங்காலாக வைத்திருக்க வேண்டாமா? வங்கதேச விடுதலைப் படையின் தலைமைத் தளபதி ஒஸ்மானி ஜூலையில் 1, 3, 8ஆம் பட்டாலியன்களைச் சேர்த்து, ஜியாவுர் ரஹ்மான் தலைமையில் ‘இசட் ஃபோர்ஸ்’ என்று ஒரு பிரிகேட் ஆக்கினார். ஜூலை 31 அதிகாலை 1ஆம் பட்டாலியனை கமல்பூரிலிருந்த பாகிஸ்தான் எல்லைச் சாவடி மேல் நேராக ஏவினார்கள். முள்கம்பி, கண்ணிவெடி, கான்கிரீட் பதுங்குகுழி என்று எல்லாம் தயாராக இருந்த இடம். 30 பேருக்குக் குறையாமல் செத்தார்கள், சாவடியும் கிடைக்கவில்லை. இதை வீரம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது.

பத்மாக்கரை:
கொரில்லா மட்டும் போதும் என்பது இன்றைக்கு வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்வது. வங்கதேசத்தின் தற்காலிக அரசான முஜிப்நகர் அரசு அமைந்தது ஏப்ரலில். தனக்கென்று ஒரு பிரிகேட்கூட இல்லாத அரசை டெல்லியோ வேறு எந்தத் தலைநகரமோ எப்படி மதிக்கும்? அந்த 1ஆம் பட்டாலியன் எந்த நிலையில் எல்லை தாண்டியது தெரியுமா? மார்ச் 30 அன்று ஜெசூர் கண்டோன்மெண்டில் ஆயுதத்தைப் பறித்தார்கள். கேப்டன் ஹஃபிஸுத்தீன் அகமது (பாகிஸ்தான் தேசிய அணிக்குக் கால்பந்து ஆடியவர்) மிச்சமிருந்தவர்களைத் திரட்டி, சுட்டுக்கொண்டே வெளியே வந்தார். லெப்டினன்ட் அன்வர் அங்கேயே விழுந்தார். உயிரோடு மீண்டது சுமார் 200 பேர். அதை மறுபடி ஒரு பட்டாலியனாக நிமிர்த்தியதே சாதனை.

சும்மா_கேக்குறேன்:
அண்ணே, மார்ச் 25 ராத்திரி பாகிஸ்தான் ராணுவம் அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இவங்க ஏன் எழும்பல? முந்திக்கிட்டிருந்தா சிட்டகாங்ல ரெஜிமெண்ட் சென்டர்ல தூங்கிட்டிருந்த பயிற்சிப் பசங்க அத்தனை பேர் செத்திருக்க மாட்டாங்கல்ல?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
தம்பி, யாரிடமிருந்து உத்தரவு வரும்? வங்காளிகளின் தலைவர் முஜிபுக்கும் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யாவுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பட்டாலியன்களைக் கம்பெனி கம்பெனியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். 2ஆம் பட்டாலியன் ஜெய்தேவ்பூரில், அதன் கம்பெனிகள் டாங்காயிலிலும் மைமன்சிங்கிலும். 4ஆவதைப் பிய்த்து கொமில்லாவிலிருந்து பிராமன்பாரியாவுக்கு அனுப்பினார்கள். சிட்டகாங் சென்டரின் தலைமை வங்காளி அதிகாரி பிரிகேடியர் மஜும்தாரை முன்னதாகவே டாக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சத்தியப் பிரமாணம் செய்த சிப்பாய் உத்தரவில்லாமல் மேலதிகாரியைச் சுடுவது சின்ன விஷயம் இல்லை.

கமல்பூருக்கு வருகிறேன். மழை, இருட்டு, முழங்கால் சேறு. படை வரிசை கட்டுவதற்குள்ளேயே நம் பக்கத்துப் பீரங்கி முழங்க ஆரம்பித்துவிட்டது. வயர்லெஸ்ஸும் காலை வாரியது. கேப்டன் சலாஹுத்தீன் மும்தாஜ் மெகாபோனை வாயில் வைத்துக் கத்திக் கத்தியே ஆட்களை முன்னே நடத்திக் கொண்டுபோனார், அங்கேயே செத்தார். ஹஃபிஸுத்தீனுக்கு ஷெல் சிதறலில் காயம். பட்டாலியனில் பாதிக்கு மேல் முகாம்களில் சேர்த்த பையன்கள், சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். இரவுத் தாக்குதல் பழைய பட்டாலியனுக்கே கஷ்டம். ஆகவே திட்டத்தில் கோளாறு, ஒத்துக்கொள்கிறேன். அதை வைத்து பிரிகேட் அமைத்ததே தப்பு என்று தீர்ப்பு எழுதினால் நான் ஒப்பமாட்டேன்.

கரிசல்காட்டான்:
ஐயா, அதே நாட்களில் அதே பிரிகேட்டின் 3ஆம் பட்டாலியன் ஷஃபாத் ஜமீல் தலைமையில் பகதூராபாத் படகுத்துறையில் என்ன செய்தது? ஆற்று வழியாகப் போய் அடித்துவிட்டுத் திரும்பியது, இழப்பு சொற்பம். 4ஆவதை வைத்திருந்த காலித் முஷர்ரஃப் திரிபுராவின் மேலாகரில் டாக்கா மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பையன்கள் ஜூன் 9 அன்று ஹோட்டல் இண்டர்காண்டினெண்டலில் குண்டு வீசினார்கள், உலகச் செய்தியாளர்கள் தங்கியிருந்த இடத்திலேயே. டாக்கா அமைதியாக இருக்கிறது என்ற யாஹ்யாவின் பொய் ஒரு ராத்திரியில் உடைந்தது. கமல்பூர் என்ன உடைத்தது?

பத்மாக்கரை:
கமல்பூர் யாருக்குத்தான் உடைந்தது? நவம்பரில் இந்தியாவின் 95ஆவது மலைப் பிரிகேடே அதைத் தாக்கிப் பார்த்துவிட்டு முற்றுகைக்கு மாறியது. சாவடியைக் காத்த பாகிஸ்தான் கேப்டன் அஹ்சன் மாலிக் மூன்று வாரம் தாங்கி, டிசம்பர் 4 அன்றுதான் சரணடைந்தார். நவம்பர் 14 அன்று அதே கமல்பூரில் விடுதலைப் படையின் மேஜர் தாஹிர் ஒரு காலை இழந்தார்.

கரிசல்காட்டான்:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. ஒரு முழு இந்தியப் பிரிகேட் திணறிய இடத்துக்கு ஜூலையில் புதுப் பையன்களை அனுப்பியது ஏன்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
நவம்பரில் பிலோனியா எல்லைப் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். ஜாஃபர் இமாமின் 10ஆம் பட்டாலியன் மழை இரவில் சத்தமில்லாமல் எதிரியின் நிலைகளுக்கு நடுவே புகுந்து பதுங்குகுழி வெட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் பாகிஸ்தான் படை இரண்டு துண்டு. ஒரு ராத்திரியில் ஒரு முழு நீளத்துக்குக் குழி வெட்டி, துப்பாக்கியோடு விடியும்வரை ஓசையில்லாமல் கிடக்க வேண்டும். கொரில்லாவால் இது ஆகாது. கட்டுக்கோப்பான காலாட்படைக்கு மட்டுமே முடியும்.

சும்மா_கேக்குறேன்:
பிலோனியா சூப்பரா இருக்கே, இதைப் பத்தித் தனித் திரி போடுங்கண்ணே. யார் முதல்ல சுதந்திரத்தை அறிவிச்சாங்கன்னு ஜியா–முஜிப் சண்டையை மட்டும் அதுல கொண்டுவராதீங்க, போன திரியை அதுதான் மூடவச்சது.

கரிசல்காட்டான்:
பிலோனியாவை மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர் 28 அன்று தலாயில் அதே 1ஆம் பட்டாலியன் மறுபடி ஒரு சாவடியை நேராகத்தானே தாக்கியது? இயந்திரத் துப்பாக்கியை அடக்க கிரனேடோடு ஊர்ந்து போன சிப்பாய் ஹமீதுர் ரஹ்மானுக்கு வயது 18. ரெஜிமெண்டில் சேர்ந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருதான பீர் ஸ்ரேஷ்டோ பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்துவிட்டால் திட்டமிட்டவர்களிடம் கேள்வி கேட்கக் கூடாதா?

பத்மாக்கரை:
கேளுங்கள். கூடவே டிசம்பரையும் சேர்த்துக் கேளுங்கள். எதிரி நிலைகளைச் சுற்றிக்கொண்டு காட்டுவழியே நடந்து, 14ஆம் தேதி சில்ஹெட் எம்.சி. கல்லூரி அருகே போய் நின்றதும் அதே 1ஆம் பட்டாலியன்தான்.

கரிசல்காட்டான்:
சுற்றிப் போகலாம் என்று தெரிய டிசம்பர் வரை ஆகணுமா?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
சில்ஹெட்டில் முன்னணிக் கம்பெனியை நடத்தியவர் ஹஃபிஸுத்தீன், தம்பி. கமல்பூரில் காயம்பட்டவர். இசட் ஃபோர்ஸ் வேண்டாம் என்று ஜூலையிலேயே கலைத்திருந்தால் அவர் கையில் கம்பெனியே இருந்திருக்காது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.