முப்பது வயது தாண்டிய மியாட்டாவின் அடியில் இரண்டு சனிக்கிழமைகள்

ஸ்கார்பரோவிலிருந்து:

போன வருஷம் அக்டோபரில் 1991 மாடல் மாஸ்டா மியாட்டா ஒன்று வாங்கினேன். 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், இரண்டே இருக்கை, துணிக் கூரை. இங்கே கனடாவில் பனி விழத் தொடங்கினால் சாலையெல்லாம் உப்புதான். அதற்குள் கராஜில் ஏற்றி மூடிவிட்டால் ஏப்ரல் வரை வெளியே எடுக்க முடியாது. அத்தனை மாதம் பழைய ஆயிலோடு நிற்பது எஞ்சினுக்கு நல்லதில்லை. ஓடி ஓடி அதில் சேர்ந்த ஈரமும் அமிலமும் பேரிங்குகளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் நிறுத்தி வைப்பதற்கு முன் எல்லா ஆயிலையும் நானே மாற்றிவிடுவது என்று இறங்கினேன். எல்லாம் போன வருஷம்தான் பட்டறையில் மாற்றியது என்றார் விற்றவர். ரசீதும் காட்டினார். அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. காசு கொடுத்திருக்கிறார், வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் ஆயிலில் பெரிய வித்தை இல்லை. ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டர் சொச்சம் பிடிக்கும். ஆனால் அந்த ஃபில்டரை, எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். வலது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஒரு பிளாஸ்டிக் பையை மேலே மாட்டிக்கொண்டு கழற்று என்று நண்பர் சொல்லியிருந்தார். கேட்கவில்லை. மணிக்கட்டில் இறங்கிய ஆயில் சட்டைக்குள் அக்குள் வரை வந்தது.

கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தால் ரப்பர் வளையத்தைக் காணோம். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்காமல் புதியதை முறுக்கியிருந்தால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் மொத்த ஆயிலும் தரைக்கு வந்திருக்கும். ஃபில்டர் கழற்றினால் அந்த வளையத்தை எண்ணிவிடுங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். இதற்கு வண்டி நாலு ஜாக் ஸ்டாண்டிலும் மட்டமாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ஊற்றி, அதிலிருந்தே வழியத் தொடங்கும்போது நிறுத்துவதுதான் அளவு. முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்து ஊற்றினால் கணக்கு தப்பும். ஆயில் வடியும் மூடியைத் தொடுவதற்கு முன்பு ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கழன்றது, ஆனால் ஒரு மீட்டர் இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கிய பிறகுதான். கடைசியாக முறுக்கியவர் யாரோ, நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்.

இரண்டு லிட்டர் வர வேண்டிய இடத்தில் ஒன்றேகால் லிட்டர்தான் வந்தது. கருப்பு. கியர் ஆயிலின் அழுகல் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்; அந்தச் சட்டையை இரண்டு முறை துவைத்துவிட்டுக் கடைசியில் தூக்கிப் போட்டேன். வடியும் மூடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். சில்லுச் சில்லாக இரும்புத் துண்டு இருந்தால்தான் வயிறு கலங்க வேண்டும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு வெறும் 650 மில்லி, அரை மணி வேலை.

எனக்கு இத்தனைக்கும் மேலே பிடித்தது கியர் கம்பிக்கு அடியில் நடந்த வேலை. இந்த வண்டியில் கியர் லீவர் உட்காரும் கிண்ணத்துக்குத் தனியாக ஆயில் உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலோடு அது கலப்பதில்லை. கீழே எத்தனை லிட்டர் மாற்றினாலும் மேலே இருப்பது அப்படியே கிடக்கும். ரொம்பப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. லீவர் குமிழைத் திருகி எடுத்து, நடுக் கன்சோலைக் கழற்றினால் பெரிய ரப்பர் உறை. அதற்குள் சின்னதாக இன்னொன்று. என் வண்டியில் சின்னது வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது. ஓட்டும்போது வலது முழங்காலில் அடித்த அனலுக்கு அதுதான் காரணம், ஹீட்டர் கோளாறு என்றல்லவா நினைத்திருந்தேன். கிண்ணத்தின் அடியில் தார் போல ஏதோ கொஞ்சம் இருந்தது. மருந்துக்கடை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துத் துடைத்து, எண்பது தொண்ணூறு மில்லி புது ஆயில் விட்டு, இரண்டு உறையையும் புதிதாகப் போட்டேன்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கம்பி கையில் உட்கார்ந்த விதமே வேறு. காலைக் குளிரில் இரண்டாவது கியர் இன்னமும் முரண்டு பிடிக்கிறது. அது இந்தக் கியர்பாக்ஸின் பிறவிக்குணம், ஆயில் மாற்றினால் குறையும், போகாது.

பிரேக் ஆயில் இரண்டாவது சனிக்கிழமை. டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அந்தத் திரவம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கிவிடலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் உள்ளே ஆவி உண்டாகி மிதி பஞ்சு மாதிரி இறங்கும். மகள் மிதியில் உட்கார்ந்தாள். நான் ‘அமுக்கு’ என்றால் அமுக்கினாள், ‘விடு’ என்றதற்கு முன்பே விட்டாள். ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று.

உங்கள் பழைய வண்டிகளில் என்னென்ன வெளியே வந்தது, சொல்லுங்கள்.

லண்டனிலிருந்து:

என்னுடையது போர்ஷே பாக்ஸ்டர், 986 என்ற முதல் தலைமுறை, 2.7 லிட்டர் எஞ்சின். நீங்கள் மூன்றரை லிட்டர் என்றதும் சிரித்துவிட்டேன். என் வண்டியில் எட்டு லிட்டருக்குக் குறையாமல் வரும். முதல் தடவை நான் வைத்திருந்தது ஆறு லிட்டர் தட்டு. அது நிறைவதைப் பார்த்துக்கொண்டே கையில் மூடியோடு படுத்திருந்தேன். வெளியே அடிக்கிற வேகத்தில் மூடியைத் திருப்பி மாட்ட நான்கு முறை முயன்றேன். மீதி வீட்டு வாசலில் இன்னும் கறையாக இருக்கிறது. மனைவி விருந்தாளிகளுக்குக் காட்டுகிறாள்.

இந்த எஞ்சினில் இடைத்தண்டு பேரிங் என்று, உள்ளே சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பூதம் உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போச்சு. அதனால் ஃபில்டரை மாற்றுவது எனக்கு ஜாதகம் பார்ப்பது மாதிரி. காகித மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு வருஷம் மினுமினுவென்று ஏதோ தெரிந்து இரண்டு நாள் தூக்கம் இல்லை. காந்தம் வைத்தால் ஒட்டவில்லை. பேரிங்கின் குண்டு எஃகு, அதிலிருந்து வந்த துகள் என்றால் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த ஆயிலை ஆயிரம் மைலிலேயே மாற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பட்டறையில் விட்டிருந்தால் அந்த ஃபில்டரை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். பயமும் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கோலாலம்பூரிலிருந்து:

ஊற்றும் மூடியை முதலில் கழற்றிப் பார்த்தீர்களே தம்பி, அங்கேயே பாதி வேலை முடிந்தது. நான் பார்க்கவில்லை. என் டொயோட்டா எம்ஆர்2, இரண்டாம் தலைமுறை வண்டி. கியர் ஆயிலை முழுக்க வடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு மேல் மூடிக்கு வந்தால் அது அசையவே இல்லை. காய்ந்த கியர்பாக்ஸோடு வண்டியை நகர்த்தவும் முடியாது. வாடகை வீட்டு வாகன நிறுத்தத்தில் நாலு நாள் அப்படியே நின்றது. கீழ்வீட்டு அம்மா தினமும் வந்து ‘இன்னும் ஆகலையா’ என்று கேட்டுவிட்டுப் போவார். கடைசியில் தெரிந்த மெக்கானிக் வந்து, மூடியைச் சுற்றிச் சூடு காட்டி, சுத்தியால் நாலு தட்டுத் தட்டி எடுத்தார். ஐந்து நிமிஷம். காசு வாங்கவில்லை, தேநீர் மட்டும் குடித்தார். அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பதில் காசே கொடுத்திருக்கலாம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இன்னொரு கதை. இந்த வண்டியில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவே வண்டியின் நீளத்துக்குக் குழாய். பன்னிரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும், எங்கேயாவது ஒரு குமிழ் நின்றால் இங்குள்ள வெயிலில் சூடு காட்டும் ஊசி ஏறிக்கொண்டே போகும். ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் காற்று போக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் கண்ணாடி மாதிரி தெரியும் டியூபை மாட்டி, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பொறுமையாக ஊற்ற வேண்டும். நர்ஸ் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கோவையிலிருந்து:

ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, பழைய மாருதி ஜிப்ஸிதான். ஒரு சந்தேகம் அண்ணா. கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரம் இருக்கிறதே, கியர்பாக்ஸுக்கு எதைப் போட்டீர்கள்? கடையில் ‘அஞ்சுதான் உசத்தி’ என்று கொடுக்கிறார்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து:

எண் பெரிதாக இருப்பதால் உசத்தி இல்லை தம்பி. ஜிஎல்-5 டிஃபரன்ஷியலின் பல்லுக்காகச் செய்தது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதல். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை. சில ஜிஎல்-5 ஆயில்கள் அதை அரிக்கும். தவிர, அந்த வளையம் பிடிக்கிறதே உரசலால்தான், வழுக்கல் கூடினால் கியர் விழச் சிரமம். என் வண்டிக் கையேடு இரண்டையும் அனுமதிக்கிறது. நான் கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 கெட்டித்தன்மை கொண்ட ஜிஎல்-4, டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. ஜிப்ஸிக்கு அதன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள், கடைக்காரரைப் பார்க்காதீர்கள்.

லண்டன் அண்ணன் சொன்ன பிறகு நானும் பழைய ஃபில்டரைக் குப்பையிலிருந்து எடுத்து வெட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வடித்த ஆயிலையெல்லாம் காலி டப்பாக்களில் ஊற்றி நகராட்சிக் கிடங்கில் கொடுத்தாயிற்று, அவர்கள் காசில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கியர்பாக்ஸ் வேலையில் கீழே படுத்திருந்தபோது கிளட்ச் மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் கொஞ்சம் விலக்கினேன். உள்ளே ஈரம். இந்த வண்டிகளில் அது சொல்லாமல் கொள்ளாமல் போகும் சாமான். இரண்டே போல்ட்தான். புதியது வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், ஏப்ரலில் மறுபடி கீழே படுக்க வேண்டும். மகள் இப்போதே கூலி பேசுகிறாள்.