போர்ட், போர்ட்டிங், டர்போ: சுழல் எஞ்சின் பாடத்துக்குச் சொற்கள் தேவை

சென்னையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்குத் தமிழில் ஒரு துணைப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிஸ்டன் எஞ்சின் பகுதியெல்லாம் முடிந்துவிட்டது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வாங்கெல் எஞ்சின் இயலில் மாட்டிக்கொண்டேன். அதில் ஒரு செய்முறைக் கணக்கு வருகிறது. மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை அன்றாடம் சாலையில் ஓட்டுகிறவர் அதன் 13பி எஞ்சினை எந்த அளவுக்கு போர்ட்டிங் செய்யலாம் (காற்றும் புகையும் போகும் போர்ட்டுகளை வெட்டி மாற்றலாம்), அதற்கு எவ்வளவு பெரிய டர்போ (வெளிவரும் புகையால் டர்பைனைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) பொருத்தலாம் என்று முடிவெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நான் பார்த்த பட்டியல்களில் ரோட்டரும் ‘சுழலி’, டர்பைனும் ‘சுழலி’. எஞ்சினோ ‘சுழல் எஞ்சின்’. டர்போவுக்குச் ‘சுழலூட்டி’ என்று போட்டேன். வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது: “சுழல் எஞ்சினின் சுழலி வெளித்தள்ளும் புகை, சுழலூட்டியின் சுழலியைச் சுழற்றுகிறது.” மாணவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

போர்ட், அதன் வெட்டு வகைகள், ஓவர்லேப், டர்போ லேக், வேஸ்ட்கேட் இவற்றுக்கு ஒன்றோடொன்று மோதாத சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

கோவையிலிருந்து:

வணக்கம்ங்க அம்மணி. நான் பட்டறைக்காரன். யமஹா ஆர்எக்ஸ் 100 சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற பையன்கள் ‘போர்ட்டிங் பண்ணிக் கொடுங்கண்ணா’ என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் பாடத்தைப் படிக்கப்போவது அவர்கள்தான். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே போர்ட்டைத் திறந்து மூடுகிறது, வாங்கெலில் ரோட்டர் அதைச் செய்கிறது. அதனால் இந்தப் பாடம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சொல்லைப் புதிதாக்கி அந்தப் பிடியை விட்டுவிட வேண்டாம். ‘போர்ட்’ என்றே எழுதுங்கள். தமிழ்தான் வேண்டுமென்றால் ‘துளை’ போதும்.

மதுரையிலிருந்து:

அம்மா, துளை வேண்டாம். போல்ட் போவதும் துளை, எண்ணெய் போவதும் துளை. காற்று நுழைகிற வாயிலுக்கு நம்மிடம் ‘புழை’ இருக்கிறது. புழை என்றால் துளை, சிறுவாயில் என்று இரு பொருளும் உண்டு. கொல்லைப்புற வாசலைப் புழைக்கடை என்கிறோம், அதுவே பேச்சில் புழக்கடை. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர், காற்றையும் நீரையும் இழுப்பதற்கு உள்ளே புழை உடைய கை. காற்றை உள்ளிழுக்கும் எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்? உள்புழை, வெளிப்புழை, புழைவிரித்தல். மூன்றும் புணர்ச்சியில் வழுவில்லாமல் நிற்கின்றன.

‘டர்போ’வையும் நான் ஏற்கவில்லை. டகரம் மொழிக்கு முதலில் வராது. இலத்தீனில் டர்போ என்றாலே பம்பரம். அதை அப்படியே எடுத்துப் ‘பம்பரவூட்டி’ எனலாமே. உங்கள் சுழலிச் சிக்கலும் தீரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். மொழிமுதல் விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால் ரோட்டரும் நிற்காது, ரகரமும் முதலில் வராது. நாங்கள் இங்கே ‘ரேர்போ’ என்று எழுதுகிறோம், அங்கே ‘டர்போ’ என்கிறீர்கள். எழுத்துக்கூட்டலில் முதலில் ஒன்றுபட்டால் நல்லது. இரண்டு கரையிலும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

சாலைக் காருக்கான மிதமான வெட்டை ‘ஸ்ட்ரீட் போர்ட்’ என்கிறார்கள், அது பற்றி இன்னொன்று. ‘தெருத்துளை’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அது வடிகாலைக் குறிக்கும். ‘வீதித்துளை’ எனலாம். எங்களுக்கு வீதி என்றால் பெரிய சாலையும் அடங்கும்.

பினாங்கிலிருந்து:

ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக (பாதியாக வெட்டிய பழைய காரோடு) வரும் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுவது என் தொழில். பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல் அதைத் தாங்கும் என்பது பிறகு தானே தெரியும்.

வாங்கெலில் வால்வு கிடையாது. பக்கத்து இரும்புத் தட்டில் உள்ள துளையை ரோட்டரின் பக்கம் கடந்து போகும்போது திறக்கிறது, மூடுகிறது. ஆகவே துளையின் ஓரம் எங்கே இருக்கிறதோ அதுதான் நேரம். ‘விரித்தல்’ என்று மட்டும் எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். மூடும் ஓரத்தைத் தள்ளி வெட்டினால் காற்று உள்ளே வரும் நேரம் நீள்கிறது, சக்தி மேல் சுற்றுகளுக்கு, அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும் நிலைக்கு, நகர்கிறது. ஸ்ட்ரீட் போர்ட்டின் சாரம் இதுதான்.

பிரிட்ஜ் போர்ட்டில் பழைய துளைக்கு வெளிப்பக்கம் புருவம் போல இன்னொரு கீற்று வெட்டுகிறோம். இடையில் ஒரு மெல்லிய பட்டையை விட்டுவைப்பது, ரோட்டரின் மூலைச் சீல் அந்த இடத்தைக் கடக்கும்போது உள்ளே விழாமல் தாங்குவதற்காக. அந்தக் கீற்று மிகச் சீக்கிரம் திறந்துவிடும். புகைத் துளை அப்போது மூடியிருக்காது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம்தான் ஓவர்லேப்.

டர்போ உள்ள காருக்கு வினை இங்கேதான். டர்பைனைச் சுற்றியுள்ள கூடு சிறிதாக இருந்தால் புகை தேங்கி, வெளிப்பக்க அழுத்தம் உள்பக்கத்தைவிடக் கூடிவிடும். ஓவர்லேப் நேரத்தில் எரிந்த புகை திரும்ப அறைக்குள் வரும், புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. அதனால் பிரிட்ஜ் வெட்டியவர் பெரிய கூடு போட்டே ஆக வேண்டும். பெரிய கூடு போட்டால் கீழ்ச் சுற்றில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வராது. சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் காருக்கு இது சரிப்படாது. ஐடிலும் ‘பிராப் பிராப்’ என்று குதிக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

போர்ட்டிங், டர்போ அளவு இரண்டையும் தனித்தனித் தலைப்பில் போடாதீர்கள், ஒரே முடிவு அது. சாலைக் காருக்கு என் விடை: உள்துளைக்கு மிதமான வெட்டு, புகைத் துளையைச் சற்று முன்னதாகத் திறக்கும்படி வெட்டி டர்பைனுக்குச் சூடான புகையைக் கொடுப்பது, அதற்கு ஒரு நடுத்தர டர்போ. போர்க்வார்னர் ஈஎஃப்ஆர் 8374 போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 83 கம்ப்ரெஸர் சக்கரத்தின் விட்டம், 74 டர்பைன் சக்கரத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அதற்கே 0.92, 1.05 என்று வெவ்வேறு கூடுகள் உண்டு. மித வெட்டுக்கும் நகர ஓட்டத்துக்கும் நான் 0.92 எடுப்பேன். அந்த எண் கூட்டின் குறுக்குவெட்டுப் பரப்பை ஆரத்தால் வகுத்தது, ஆகவே ‘பரப்பு-ஆர விகிதம்’ என்று நேராகவே எழுதிவிடலாம்.

தஞ்சையிலிருந்து:

நல்ல விளக்கம் தம்பி. திறந்து மூடி நேரத்தை ஆளும் வாய்க்கு நம் ஊரில் மடை என்று பெயர். உள்மடை, போக்குமடை, மடை வெட்டு. ஓவர்லேப்புக்கு ‘உடன்திறப்பு’ என்பது என் பரிந்துரை.

வேஸ்ட்கேட்டுக்குச் சொல்லே தேட வேண்டாம், ‘கலிங்கு’ இருக்கிறது. ஏரி நிறைந்தால் மிகைநீர் கலிங்கு வழியே போய்விடும், கரை உடையாது. வேஸ்ட்கேட்டும் மிகைப் புகையை டர்பைனுக்குள் விடாமல் வெளியே திருப்புகிறது. கலிங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகை வைத்து நீர்மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார்கள். வேஸ்ட்கேட்டில் கடினமான ஸ்பிரிங் போட்டு பூஸ்ட்டை ஏற்றுவதும் அதே வேலைதானே.

கோவையிலிருந்து:

> உள்மடை, போக்குமடை

கலிங்கு அருமைங்க, என் கையெழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மடை வேண்டாம். அதே இரும்புத் தட்டில் குளிர்நீர் வழியும் ஓடுகிறது. வெளிப்பக்கம் அதிகமாக வெட்டிப்போனால் நீர்ச் சீல் காடியையே தின்றுவிடுவோம். ‘மடையை வெட்டு’ என்று படிக்கிற பையன் நீர்வழியை நினைத்துவிட்டால் ஒரு தட்டு பாழ்.

தட்டில் மார்க்கிங் நீலம் பூசி, தகட்டு அச்சை வைத்துக் கோடு கீறி, கார்பைடு பர்ரால் கோட்டுக்குள் நின்று அரைக்க வேண்டிய வேலை இது. கோட்டைத் தாண்டிய இரும்பு திரும்ப வராது. வகைகளுக்கும் நான் கைக்கு வந்ததைச் சொல்கிறேன்: மிதவெட்டு, புருவவெட்டு. பக்கத் தட்டில் இல்லாமல் ரோட்டரைச் சுற்றிய உறையிலேயே துளையிடும் பெரிஃபெரல் போர்ட்டுக்கு விளிம்புத்துளை.

பினாங்கிலிருந்து:

‘மிதவெட்டு’ நன்று. ‘ஸ்ட்ரீட்’ என்பது எங்கே ஓடுகிறது என்று சொல்கிறது, மிதவெட்டு என்ன செய்தோம் என்று சொல்கிறது. விளிம்புத்துளைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 1991 லே மான் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி. நான்கு ரோட்டர், டர்போ கிடையாது. எதிர்முனைக்கு 2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8. புகைத் துளையையும் பக்கத் தட்டுக்கு மாற்றி உடன்திறப்பே இல்லாமல் செய்தார்கள். இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் உடன்திறப்பு என்ற சொல் மாணவருக்குத் தானாகப் பதியும்.

மதுரையிலிருந்து:

லேக் என்பதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. வள்ளுவர் 605-ஆம் குறளில் ‘நெடுநீர் மறவி மடிதுயில்’ என்கிறார். நெடுநீர் என்றால் காலம் நீட்டித்தல். மிதியை அழுத்தியும் காலம் நீட்டிக்கிற டர்போவுக்கு ‘நெடுநீர்மை’ எவ்வளவு பொருத்தம்! அதே அடியில் நிற்கும் ‘மடி’யும் சோம்பல்தான், ‘பம்பரமடி’ என்றும் ஆக்கலாம்.

தஞ்சையிலிருந்து:

ஐயா, மடையை நீர் என்று தள்ளினோம். நெடுநீரை எப்படிச் சேர்ப்பது? வழக்கில் ‘சுணக்கம்’ இருக்கிறதே. ‘வேலை சுணங்குது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பினாங்கிலிருந்து:

சுணக்கம் சரி. ஆனால் பலர் குழப்பும் இரண்டைப் பிரித்துவிடுங்கள். பூஸ்ட் வரவே வராத கீழ்ச் சுற்று ஒன்று, போதிய சுற்றில் மிதித்த பிறகும் பூஸ்ட் வர ஆகும் நேரம் இன்னொன்று. இரண்டாவதுதான் சுணக்கம். முதலாவதுக்கு ‘தொடக்கச் சுற்று’ போடுங்கள். 3000 சுற்றில்தான் டர்போ விழிக்கும் என்றால் 2000-இல் மிதித்துவிட்டுச் சுணக்கம் என்று குறை சொல்லக் கூடாது.

சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பிரதி நாளை போக வேண்டும். பெரும்பான்மைப்படி வைத்துக்கொள்கிறேன்: துளை, உள்துளை, புகைத்துளை, மிதவெட்டு, புருவவெட்டு, விளிம்புத்துளை, உடன்திறப்பு, சுணக்கம், தொடக்கச் சுற்று, கலிங்கு, பரப்பு-ஆர விகிதம். போர்ட்டிங்குக்குத் ‘துளைவெட்டு’. ரோட்டர், டர்பைன், டர்போ மூன்றும் அப்படியே. சுழலி எங்கும் வராது. யாழ்ப்பாணத்து அண்ணா, ரேர்போ என்ற எழுத்துக்கூட்டலைச் சொல்லடைவில் சேர்த்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நன்றி தங்கச்சி. சொல்லடைவில் மட்டும் இருந்தால் இங்குள்ள மாணவர் தேடிப் பிடிக்க மாட்டார். முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மூன்று முக்கிய உறுப்புகளின் பெயரும் ஒலிபெயர்ப்பாக நிற்க, துணைச் சொற்களை மட்டும் தமிழாக்கியிருக்கிறோம். கலிங்கை ஏற்ற அவை புழையை ஏன் மறுத்தது என்பதற்கு எனக்கு இன்னும் விடை வரவில்லை. போல்ட் துளையும் உள்துளையும் ஒரே படத்தில் வருகிறதா என்று பாருங்கள் அம்மா. வந்தால் அந்த ஒரு படத்திலாவது புழை என்று குறியுங்கள்.

கோவையிலிருந்து:

படம் 4-இல் இரண்டும் வருகிறதுங்க. அந்த இடத்தில் ஐயா சொல்வது சரிதான். போல்ட் துளைக்கு ‘போல்ட் ஓட்டை’ என்று மாற்றிவிட்டால் போதாதா?