பைனாகுலருக்குள் ஆவி படிகிறது, என்ன செய்யலாம்?

பூட்டானில், போப்ஜிகா பள்ளத்தாக்கில் இருக்கிறேன். ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். திபெத்திலிருந்து வந்திறங்கிய கருங்கழுத்துக் கொக்குகள் சதுப்பில் மேய்வது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. பைனாகுலரில்தான் தெரியவில்லை!

8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.), நைட்ரஜன் நிரப்பிய நீர்புகா வகை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. புனாகாவில் மோ சூ ஆற்றங்கரையில் தூறலில் நனைந்தது, அங்கே வெதுவெதுப்பில் ஒன்றும் தெரியவில்லை. மலையேறி இங்கே வந்ததும் வலது குழல் மங்கிவிட்டது. விடியலில் மோசம், வெயில் ஏறினால் பாதி விலகும், ஆனால் லென்ஸ் ஓரத்தில் பொடித் துளிகள் அப்படியே நிற்கின்றன.

துடைத்தால் போகவில்லை, ஆக உள்பக்கம்தான். வெயிலில் வைத்தாயிற்று. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ராத்திரி முழுக்கப் பையில் கட்டியும் வைத்தாயிற்று. புகாரி (அறையைச் சூடாக்கும் விறகடுப்பு) அருகே வைக்கச் சொல்கிறார்கள், லென்ஸை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடுமோ என்று பயம்.

குழலைப் பிரிக்காமல், இங்கேயே இந்த ஈரத்தை வெளியேற்ற வழி உண்டா?