காஸ்ட்ரோபரேசிஸ்: வாதமா, மந்தமா, சுணக்கமா?

எடை கூடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் அனோரெக்சியா நோயில், இரைப்பை மெதுவாகக் காலியாகும் காஸ்ட்ரோபரேசிஸ் என்ற நிலை வருவதுண்டு. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு.

> 'இரைப்பை வாதம்' என்றே வைத்துவிடலாம். பக்கவாதம், முகவாதம் வரிசையில் சேர்ந்துவிடும்.

அந்த வரிசையில் சேர்வதுதான் சிக்கல், ஐயா. வாதம் என்றதும் ஒருவர் முடங்கிப்போனது என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் வாயு என்பார். அனோரெக்சியாவில் நடப்பது வேறு. பட்டினியில் இரைப்பையின் அசைவு மெலிந்து, திட உணவைக் கூழாக்கி முன்சிறுகுடலுக்குத் தள்ள நேரமாகிறது. நீர்ம உணவு அவ்வளவு தங்காது. ஊட்டம் சீரானால் பெரும்பாலும் அசைவும் திரும்பிவிடும். சாப்பிட அஞ்சும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் 'வயிற்றில் வாதம்' என்றால், சாப்பிடாமலிருக்க நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும்.

என் பரிந்துரை: இரைப்பைச் சுணக்கம்.

> 'மந்தம்' இருக்கிறதே, எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் மந்தம் பிள்ளை உணர்வது: நாலு வாயிலேயே வயிறு நிறைவது, உப்புசம், குமட்டல். காஸ்ட்ரோபரேசிஸ் அளந்து சொல்வது. கதிரியக்கத் தடயம் சேர்த்த திட உணவைக் கொடுத்து, 4 மணி நேரம் கழித்தும் 10 விழுக்காட்டுக்கு மேல் இரைப்பையில் கிடந்தால்தான் அந்தப் பெயர். மந்தம் கடுமையாக இருந்தும் அளவு சரியாக வருவதுண்டு. ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும்.

'தளர்வு' வேண்டவே வேண்டாம். உணவு இறங்கும்போது இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பது அதன் இயல்பான வேலை. அந்தச் சொல் அதற்கே இருக்கட்டும்.

> சுணக்கம் சரி. வாந்தியையும் அதிலேயே அடக்கலாமா?

எல்லா வாந்தியையும் அடக்க முடியாது. உடல் மிக மெலிந்து கொழுப்பு கரைந்தால், பெருந்தமனிக்கும் அதிலிருந்து குடலுக்குப் பிரியும் தமனிக்கும் நடுவே முன்சிறுகுடல் நசுங்கக்கூடும். அதற்கு 'முன்சிறுகுடல் நெரிப்பு' என்று தனிப்பெயர் தரலாம். வாந்தியில் பித்தநீர் கலந்திருக்கும். குப்புறவோ இடப்பக்கமாகவோ படுத்தால் வலி தணியும். இந்த வாந்தியையும் 'விரலைவிட்டு எடுக்கிறாள்' என்று வீட்டில் தவறாக எண்ணித் திட்டக்கூடும்.

கவனிப்பும் வேறு. சுணக்கத்துக்கு உணவைச் சிறு சிறு வேளைகளாக்கி, ஒரு பங்கை நீர்மமாகக் கொடுத்து, நார்ச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அசைவைக் கூட்டும் டொம்பெரிடோன் போன்ற மருந்துகளை இதய மின்வரைவு (ECG), இரத்தப் பொட்டாசியம் அளவு பார்க்காமல் தொடங்கக்கூடாது. நெரிப்பில் சிலருக்கு அந்த இடத்தைத் தாண்டிக் குழாய் இறக்கி ஊட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு வசதி: சுணக்கம் வினையாகவும் வரும். 'இப்போ வயிறு சுணங்குது, சாப்பிடச் சாப்பிடச் சரியாகும்' என்று பிள்ளையிடமே சொல்லலாம். வாதத்தை வைத்து அப்படி ஒரு வாக்கியம் அமையுமா?