பிள்ளையை வெளிநாட்டுப் பள்ளியில் சேர்க்கப் போறீங்களா? சேலத்திலேயே முடிக்க வேண்டிய ஊசி வேலைகள்

சேலம், ஏற்காடு பக்கமிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ கிளம்பும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை புதன்கிழமையாகக் கூட்டிப்போய் ஊசி போட்டிருப்போம். பள்ளியில் சேர்க்கும்போது சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த ஊசி அட்டையால்தான்.

அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது என்றால் பெரும்பாலும் தமிழில் இருக்கும். மேலே அம்மா பெயர் இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே எழுதியது என்பதால் பிள்ளையின் பெயர் இருக்காது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, எந்த ஊசி எந்த நாளில் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் டைப் செய்து, டாக்டரிடம் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். ஏற்காட்டில் ஊசி போட்டுவிட்டு இப்போது சேலத்தில் இருப்பவர்கள், கிளம்பும் வாரத்தில் இதற்காக மலை ஏறிக்கொண்டிருக்க முடியாது. நர்சம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

மாதத்தை எண்ணில் எழுத விடாதீர்கள். 2020 மே 20-இல் பிறந்த குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்ட நாள் 03/12/2021 என்று இருந்தால், நமக்கு அது டிசம்பர் 3. அமெரிக்கப் பள்ளி நர்ஸ் அதை மார்ச் 12 என்றுதான் படிப்பார். அப்படியானால் குழந்தைக்கு ஒரு வயதே ஆகவில்லை, அந்த ஊசி செல்லாது.

அந்த ஒரு வயதுக் கணக்குதான் பலருக்கும் தெரிவதில்லை. நம் அரசு அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் மிச்சமிருந்து ஊசியின் வேலையைக் குறைத்துவிடலாம் என்பது காரணம். நம் ஊரில் தட்டம்மை சின்னக் குழந்தைகளையே தாக்கும் என்பதால் சீக்கிரம் போடுகிறார்கள், அதுவும் சரியே. இன்னொரு விஷயம், அரசு ஊசியில் பொன்னுக்குவீங்கி சேராது. பள்ளிகள் எதிர்பார்ப்பது மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர், இரண்டு தவணை.

சின்னம்மை ஊசியும் நம் அரசு அட்டவணையில் இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் இரண்டு தவணை கேட்கின்றன. ஒன்டாரியோவில் 2010 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அது கட்டாயப் பட்டியலில் உண்டு. "எங்க பாப்பாவுக்கு அம்மை போட்டு இறங்கிடுச்சே" என்று சொன்னால் போதாது. நம் வீடுகளில் வேப்பிலை கட்டி, கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு முடித்துவிடுவோம். டாக்டர் சீட்டு எதுவும் இருக்காது. அங்கே டாக்டர் உறுதி செய்த பதிவு வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. இனிமேல் அம்மை கண்டால் வேண்டுதலோடு ஒரு டாக்டர் சீட்டும் வாங்கிவிடுங்கள்.

விட்டுப்போன எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளை ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடமே போட்டுவிடுவது நல்லது என்பேன். பிள்ளைக்கும் பழகின முகம். இரண்டையும் ஒரே நாளில் போடலாம்; தவறினால் 28 நாள் இடைவெளி வேண்டும். சின்னம்மை இரண்டாம் தவணைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு 3 மாதம் விடச் சொல்வார்கள். அதனால் விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆகஸ்டில் பள்ளி திறக்கும் என்றால் பங்குனியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

போலியோ சொட்டு மருந்து எத்தனை முறை கொடுத்திருந்தாலும், 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்ததை அமெரிக்கா ஏற்பதில்லை. அப்போதிலிருந்து அதில் மூன்று வகைக்குப் பதில் இரண்டு வகைக் கிருமிதான். போலியோ ஊசி போட்ட தேதிகளைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் காசநோய்ப் பரிசோதனை. நம் பிள்ளைகள் கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கும். அதனால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் நோய் இல்லாமலேயே வீங்கலாம். பிசிஜி போட்டதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதை பிசிஜி பாதிக்காது.

உடல் பரிசோதனைப் படிவம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கண், பல் பரிசோதனையும் உண்டு. ஒன்டாரியோவில் ஊசி விவரத்தைப் பெற்றோரே உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விட்டால் 20 பள்ளி நாள் வரை பிள்ளையை நிறுத்திவைக்கலாம். பிரிட்டன் போகிறவர்களுக்குப் பள்ளியில் ஊசி கட்டாயம் இல்லை, ஆனாலும் டாக்டரிடம் பதிந்து மீதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மை ஊசியை மட்டும் கட்டாயமாக்கிச் சட்டமே இருக்கிறது.

ஏதாவது விட்டுப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஊசி மருந்தை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் உண்டு; கவுன்டி சுகாதார அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் தவணை போட்டதைக் காட்டினாலே பல மாநிலங்களில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த தவணைத் தேதியை நர்ஸிடம் எழுதி வாங்கிக் காலண்டரில் குறித்துவையுங்கள். அது தவறினால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.