கல்லல் பக்கம் சிறு விவசாயிகள் ஒருநாள் கூடல்: விதைப் பரிமாற்றமும் செயல்விளக்கமும் எப்படி அமைக்கலாம்?

கல்லல்_வயல் கேட்டது:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்துல கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை, திருப்பத்தூர் ஒன்றியங்கள்ல இருந்து 150 சிறு, குறு விவசாயிகளை ஒரு நாள் கூட்டலாம்னு இருக்கோம். கண்மாய்ப் பாசன நெல், மானாவாரி நிலக்கடலை, வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் காய்கறி, ரெண்டு மாடு, அஞ்சாறு ஆடு. அவ்வளவுதான் ஒவ்வொருத்தர் கையிலயும். நிலம் ஒரு ஏக்கர், மிஞ்சினா ரெண்டு.

மேடை போட்டு நாலு பேர் பேசி, பொன்னாடை போத்தி, சாப்பாடு போட்டு அனுப்புற கூட்டம் வேண்டாம். வர்றவங்க விதையோட போகணும், ஒரு வேலையைக் கத்துக்கிட்டுப் போகணும், பக்கத்து ஊர்ல யார்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சு போகணும்.

எந்த மாசம் வைக்கலாம்? விதை கலந்து போகாம எப்படிப் பார்த்துக்கிறது? ஒரே நாள்ல எதைச் செஞ்சு காட்ட முடியும்? நடத்தத் தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

---

கண்மாய்க்கரை:

மாசத்தை முதல்ல முடிவு பண்ணுங்க, மத்தது எல்லாம் அதுக்குப் பின்னாடிதான். நம்ம பக்கம் புழுதி விதைப்பு (காய்ஞ்ச மண்ணுல நேரா நெல்லைத் தூவுறது) ஆவணிக் கடைசி, புரட்டாசியில. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே விதை கைக்கு வரணும். அதனால ஆடி. காய்கறி விதைக்கும் ஆடிப்பட்டம் பொருந்தும். இன்னொரு வசதி, ஆடியில முகூர்த்தம் இல்லாததால கல்யாண மண்டபங்கள் காலியாக் கிடக்கும்; வாடகையில பேசிக் குறைக்கலாம். ஆனியில வைக்கிறதா இருந்தா கண்டதேவி தேரோட்ட நாளைப் பார்த்துக்கங்க, தேவகோட்டைப் பக்கத்து ஆள் ஒருத்தரும் வரமாட்டாங்க. ஆடியிலயும் அவங்கவங்க ஊர் அம்மன் கோயில் காப்புக் கட்டு, முளைப்பாரி நாளை விசாரிச்சுட்டுத் தேதி போடுங்க.

கிழமை சனி. ஞாயித்துக்கிழமை அலுவலர்கள் வரமாட்டாங்க. வார நாள்ல நூறு நாள் வேலைக்குப் போற பெண்கள் வரமாட்டாங்க. விதையைப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்க அவங்கதான், அவங்க இல்லாம இதை நடத்துறதுல அர்த்தம் இல்லை.

மேடை வேண்டாம்னு சொன்னதுக்கு ஒரு வழி இருக்கு. கூட்டத்தை 25 பேர் கொண்ட ஆறு வட்டமாப் பிரிங்க: நெல், நிலக்கடலை, காய்கறி, ஆடு மாடு, வரப்பு மரம், விற்பனை. ஜமுக்காளம் விரிச்சுத் தரையில உட்காரணும். நாற்காலி வரிசை போட்டா எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பாங்க, பேச்சு நின்னுடும். ஒரு வட்டத்துக்கு 40 நிமிஷம், ஒருத்தர் ரெண்டு வட்டத்துல உட்காரலாம். ஒவ்வொரு வட்டத்துக்கும் அந்தப் பயிரைப் பண்ணுற ஒருத்தர் பேச்சை நடத்தணும், இன்னொருத்தர் நோட்டுல எழுதணும். அலுவலரை வட்டத்துக்குத் தலைவரா வைக்காதீங்க. கேள்வி வந்தா பதில் சொல்ல அவர் ஓரமா உட்காரட்டும்.

அழைப்புக் கடிதம் மூணு வாரம் முன்னாடி போகணும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம், செட்டிநாட்டுல இருக்குற மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், செட்டிநாடு கால்நடைப் பண்ணை, உங்க வட்டாரத்து வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். இந்த நாலும் கூப்பிடு தூரம். "சிறப்புரை ஆற்ற" கூப்பிடாதீங்க. "மானாவாரி நிலக்கடலை பற்றி 12 மணி முதல் 12.40 வரை கேள்விகளுக்குப் பதில் சொல்ல" அப்படின்னு நேரம், தலைப்பு ரெண்டும் போட்டு எழுதுங்க. அப்பத்தான் அந்த வேலை தெரிஞ்ச ஆளை அனுப்புவாங்க. வாழ்த்துரை இருந்தே ஆகணும்னா சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம். காலையில வச்சா விருந்தினர் வர்ற வரைக்கும் 150 பேரும் காத்துக் கிடக்கணும்.

---

விதைக்கோட்டை:

விதைப் பகுதிக்கு மட்டும் சொல்றேன். கூடல் உருப்படுறதும் கெடுறதும் அங்கதான்.

திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்துல, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா நடத்தின நெல் திருவிழா முறை எல்லாருக்கும் தெரியும்: 2 கிலோ வாங்கினா அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். அதையே எடுத்துக்கங்க, ஆனா நம்ம கண்மாய் நிலத்துக்கு ஒரு மாற்றம் வேணும். கண்மாய் பெருகாத வருஷம் வாங்கின விதை மொத்தமும் போயிடும், திரும்பி வராது. அதனால ஒவ்வொரு ரகத்துலயும் மூணுல ஒரு பங்கைக் கொடுக்காம இருப்பு வைங்க. இருப்பு ஒரே வீட்டுல இருக்கக் கூடாது, ரெண்டு ஊர்ல இருக்கணும்.

2 கிலோவை வாங்கிட்டுப் போய்ப் புழுதியில தூவிட்டா வீண். புழுதி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ வேணும். அதே 2 கிலோவை நாத்து விட்டு, 25 செ.மீ. இடைவெளியில ஒத்தை நாத்தா நட்டா 60, 70 சென்ட் நடலாம். முதல் வருஷம் இது விதைப் பெருக்கம் மட்டும்தான். இதைக் கொடுக்கும்போதே வாயால சொல்லணும், பை மேலயும் எழுதணும்.

எந்த ரகம் யாருக்கு? கவுனி நம்ம ஊர்ப் பேரு சொல்ற அரிசி, எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. ஆனா அது ஐந்து மாசப் பயிர், உயரமா வளர்ந்து சாயும். மடைக்குப் பக்கத்து வயல்காரர் வாங்கலாம். கடைமடைக்காரருக்குக் கொடுத்தா கதிர் வர்ற நேரத்துல தண்ணி இருக்காது. அவருக்குப் பூங்கார் மாதிரி 90 நாளுக்குள்ள வர்றதைக் கொடுங்க. விதை கொடுக்குற மேசையில உட்கார்றவர் "உங்க வயல் மடையில இருந்து எவ்வளவு தூரம், கண்மாய்த் தண்ணி எந்த மாசம் வரைக்கும் நிக்கும்?"னு கேட்ட பிறகுதான் விதையை அளக்கணும்.

கொண்டு வர்ற விதையைப் பத்து நாள் முன்னாடியே ஒரு கைப்பிடி வாங்கி முளைப்புப் பார்த்துடுங்க. எண்ணி நூறு விதை, ஈரச் சாக்குல வரிசையா வச்சுச் சுருட்டி நிழல்ல வைக்கணும், சாக்கு காயவிடக் கூடாது. ஏழாம் நாள் எண்ணினா 80-க்கு மேல முளைச்சிருக்கணும். 60 தேறினா கொடுக்கலாம், ஆனா அளவைக் கூட்டிக் கொடுத்து விவரத்தையும் சொல்லணும். அதுக்கும் கீழேன்னா சோத்துக்குத்தான். தை, மாசியில அறுத்த நெல்லுக்கு ஆடியில விதை உறக்கம் (அறுத்த புதுசுல முளைக்காம இருக்குற காலம்) தெளிஞ்சிருக்கும், அதனால கணக்கு சரியா வரும்.

மேசையில நடக்குற தப்புகள்:

ஒரே படியால ரெண்டு ரகத்தை அளக்குறது. படியோட அடியில ஒட்டின பத்து நெல் போதும், மூணு வருஷத்துல வயல் பூராக் கலவன் ஆகிடும். ரகத்துக்கு ஒரு படி, ஒரு ஆள், ஒரு மேசை. மேசைக்கு மேசை நாலடி இடைவெளி. ஆடிக்காத்து அம்மியைத் தூக்குதோ இல்லையோ, முறத்துல வச்ச கீரை விதையை நிச்சயம் தூக்கும். அகலவாய்ப் பாட்டில்ல மூடி வைங்க, திறந்த வெளியில மேசை போடாதீங்க.

பயறு வண்டு. உளுந்து, தட்டைப்பயறு, துவரை மூட்டையில ஓட்டை விழுந்த ஒரு பயறு தெரிஞ்சாலும் அந்த மூட்டை உள்ளே வரக்கூடாது. வாசல்லயே ஒருத்தர் வெள்ளைத் துணியில கொட்டிப் பார்க்கணும். சங்கடமாத்தான் இருக்கும், ஆனா ஒரு மூட்டை நாப்பது வீட்டுக்கு வண்டைக் கொண்டு போகும்.

நிலக்கடலையைப் பருப்பா உடைச்சுக் கொண்டு வர்றது. தோலோட காயாத்தான் வாங்கணும், கொடுக்கணும். உடைச்ச பருப்பு சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துடும்.

சுரை, பீர்க்கு, பூசணி, கம்பு இதெல்லாம் அயல் மகரந்தம் ஏறுற பயிர். பக்கத்துல வேற ரகம் இருந்ததான்னு கேட்டு, இருந்தா "கலப்பு இருக்கலாம்"னு எழுதிக் கொடுங்க. நெல்லுக்கு இந்தப் பயம் குறைவு, தன் மகரந்தம்தான். ரகத்துக்கு ரகம் 3 மீட்டர் விட்டாப் போதும். கடையில வாங்கின வீரிய ஒட்டு ரகத்துல எடுத்த விதையைப் பரிமாற்றத்துல சேர்க்கவே கூடாது. அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.

பைக்கு உள்ள ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ரகம், வயசு, அறுத்த மாசம், எந்த ஊர் வயல், முளைப்பு எத்தனை. உள்ளே போடுறது பென்சில்ல எழுதணும், மை பரவிடும். துணிப்பை நல்லது. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வண்டிப் பெட்டியில வெயில்ல வச்சா உள்ளே வேர்த்துடும்.

ஒருத்தருக்கு ரெண்டு ரகம் மட்டும். ஆசையில ஏழெட்டு வாங்கிட்டுப் போனா ஒண்ணுகூட ஒழுங்கா விளையாது.

---

ஆச்சி_தோட்டம்:

சாப்பாட்டுக் கணக்கு யாரும் சொல்லலையே. 150 பேருக்கு அரிசி 20 கிலோ, சாம்பாருக்குப் பருப்பு 5 முதல் 6 கிலோ. குடிதண்ணி ஆளுக்கு 3 லிட்டர்னு வச்சுக்கிட்டா 20 லிட்டர் கேன் 23. மோர் தனி. வந்து இறங்கினதும் கேப்பைக் கூழ் கொடுத்தா விடிகாலையில கிளம்பினவங்களுக்குத் தெம்பா இருக்கும்.

அதைவிட முக்கியம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணியோட. இது இல்லாத இடத்துல மதியச் சாப்பாடு முடிஞ்சதும் பெண்கள் கூட்டம் கலைஞ்சிடும், காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. மாலை நாலு மணிக்கு முடிச்சிடுங்க. ஆடு மாடு ஓட்டிக் கட்டணும், பஸ்ஸும் அதுக்கு மேல குறைவு.

---

செம்மண்_காடு:

செயல்விளக்கம் மூணு போதும். பத்து வச்சா ஒண்ணும் மனசுல நிக்காது.

முதல்ல, மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்குறது. எல்லாருக்கும் தெரியும்னு நினைப்போம். ஆனா வரப்போரம் ஒரு கை அள்ளிப் பையில போட்டுக் கொண்டு வர்றவங்கதான் அதிகம். கூடல் நடக்குற இடத்துக்குப் பக்கத்து வயல்ல செஞ்சு காட்டுங்க: மேல கிடக்குற சருகை விலக்கி, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி, குழியோட பக்கச் சுவர்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல சீவணும். ஒரு வயலுக்கு 10 முதல் 15 இடம். எல்லாத்தையும் சாக்குல கொட்டிக் கலந்து, நாலு பங்காப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளணும். அரை கிலோ வர்ற வரைக்கும் இதையே திரும்பத் திரும்ப. வரப்பு, மரநிழல், வாய்க்கால் ஓரம், குப்பை கொட்டின இடம் நாலும் ஆகாது. உரம் போட்ட கையோடயும் எடுக்கக் கூடாது. நிழல்ல உலர்த்தித் துணிப்பையில போடணும். ஆளுக்கு ஒரு துணிப்பை கையில கொடுத்து அனுப்புங்க, ஒரு வாரத்துல திரும்பிச் சேர்க்க ஊருக்கு ஒருத்தரைப் பொறுப்பாப் போடுங்க. இல்லேன்னா அந்தப் பை மளிகைச் சாமானுக்குத்தான் போகும்.

அடுத்தது மண்கட்டிச் சோதனை. ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி. ஒண்ணுல தொழு உரம் போட்டு வந்த தோட்டத்து மண்கட்டி, ஒண்ணுல ரசாயன உரம் மட்டுமே கண்ட வயல் மண்கட்டி. ரெண்டும் உலர்ந்திருக்கணும், ஒரே அளவு இருக்கணும். பின்னது சட்டுனு கரைஞ்சு சேறாகும், முன்னது கட்டியா நிக்கும். நம்ம செம்மண் மழைக்குப் பிறகு ஏன் மேல இறுகிப் போகுதுன்னு இதைவிடத் தெளிவாச் சொல்ல முடியாது.

மூணாவது பஞ்சகவ்யம், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வச்சுப் பயிருக்குத் தெளிக்கிற கரைசல். இதை ஒரே நாள்ல செஞ்சு காட்டுறேன்னு கிளம்பித்தான் நிறையப் பேர் சொதப்புறாங்க, ஏன்னா அது 30 நாள் வேலை. அதனால மூணு வாளி தயார் பண்ணுங்க. கூடலுக்கு 30 நாள் முன்னாடி ஒண்ணு தொடங்கணும், 18 நாள் முன்னாடி ஒண்ணு, மூணு நாள் முன்னாடி ஒண்ணு. அன்னைக்கு மூணு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நிறம், வாசம், நுரை காட்டலாம். அளவு: புதுச் சாணம் 7 கிலோவும் நெய் 1 கிலோவும் பிசைஞ்சு மூணு நாள், பிறகு கோமியம் 10 லிட்டர், தண்ணி 10 லிட்டர் சேர்த்து 15 நாள், அதுக்கப்புறம் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன் பழம் 12. காலையும் மாலையும் கலக்கணும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. வாயைக் கொசுவலை போட்டுக் கட்டலேன்னா ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். தெளிக்கிறது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி; ரெண்டு தடவை துணியில வடிகட்டலேன்னா நாசில் அடைக்கும்.

நிலக்கடலை வட்டத்துல ஜிப்சம் கணக்கை மறக்காம எடுங்க. மானாவாரிக்கு 40 முதல் 75 நாளுக்குள்ள, மண்ணுல ஈரம் பார்த்து, களை எடுத்து மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ. ஆளாளுக்கு மூணு மூட்டை வாங்க வண்டி வாடகையே கட்டுபடியாகாது. வட்டத்துலயே யாருக்கு எத்தனை மூட்டைன்னு எழுதினா ஊருக்கு ஒரு டிராக்டர்ல இறக்கிடலாம்.

---

கல்லல்_வயல்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ரெண்டு சந்தேகம். விதையைக் காசுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு ஒருத்தர் பயமுறுத்துறார், நிஜமா? அப்புறம், கூடல் முடிஞ்சு இந்தத் தொடர்பு அறுந்து போகாம எப்படி வச்சிருக்கிறது?

---

விதைக்கோட்டை:

பயப்பட வேண்டாம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001, 39-ஆம் பிரிவு, விவசாயி தான் விளைவிச்ச விதையை வச்சுக்க, விதைக்க, மாத்திக்க, பகிர, விற்க எல்லாத்துக்கும் உரிமை கொடுக்குது. ஒரே தடை, பதிவாகிப் பாதுகாப்புப் பெற்ற ரகத்தை அந்தப் பேர் அச்சிட்ட பாக்கெட் போட்டு வணிக விதையா விற்கக் கூடாது. உங்க துணிப்பைச் சீட்டு அடையாளத்துக்குத்தான். அதுல நிறுவன ரகப் பேரு வராமப் பார்த்துக்கங்க.

---

கண்மாய்க்கரை:

தொடர்புக்கு: வாசல்ல பதியும்போதே அட்டையில பேரு, ஊர், பயிர், அதுக்குக் கீழே "என்கிட்ட இருக்கு", "எனக்கு வேணும்"னு ரெண்டு வரி. ஒருத்தர் "ஆட்டு எரு ரெண்டு வண்டி"ன்னு எழுதுவார், இன்னொருத்தர் அதையே தேடுவார். எழுதத் தெரியாதவங்களுக்குப் பள்ளிப் பிள்ளைங்க எழுதிக் கொடுக்கட்டும். சாப்பாட்டு நேரத்துல அத்தனை அட்டையையும் கயித்துல கிளிப் போட்டுத் தொங்க விடுங்க. போன் நம்பரைக் கேட்டு, சரின்னு சொன்னவங்களது மட்டும் குழுவுல சேர்க்கணும்.

வாட்ஸ்அப் குழுவை மாவட்டத்துக்கு ஒண்ணா ஆரம்பிக்காதீங்க, ரெண்டு நாள்ல காலை வணக்கப் படமா நிரம்பிடும். கண்மாய் ஆயக்கட்டு (ஒரு கண்மாய்த் தண்ணி பாயுற நிலம்) வாரியா, இருபது பேர். குரல் பதிவாப் பேசினாப் போதும்னு சொல்லிடுங்க. அதே இருபது பேர் சேர்ந்தா உழவர் ஆர்வலர் குழு ஆகலாம். அஞ்சு குழு சேர்ந்து நூறு பேரானா உற்பத்தியாளர் குழு; அரசோட கூட்டுப்பண்ணையத் திட்டம் வச்ச கணக்கு இதுதான். இயற்கை முறைக்குப் பங்கேற்பு உத்தரவாதச் சான்று (குழு விவசாயிகளே ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்து உறுதி சொல்றது) வாங்க நினைச்சா அஞ்சு பேர் போதும்.

விதைப் பதிவேட்டை ரெண்டு பிரதி எடுங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு இருப்பு வச்சிருக்க ஊர்ல. கார்த்திகையில, கதிர் வர்ற சமயம், பதிவேட்டுல இருக்குற வயல்களை நாலஞ்சு பேர் ஒரு சுத்து நடந்து பார்த்துட்டு வந்துடுங்க. கலவன் செடி உயரத்துலயும் கதிர் நிறத்துலயும் அப்பத்தான் தெரியும், அன்னைக்கே பிடுங்கிப் போட்டுடலாம். மாசியில திரும்பி வர்ற 4 கிலோவும் சுத்தமா இருக்கும்.